திருச்சி–சிட்னி: 11 மணி நேரமா, 22 மணி நேரமா?

காரைக்குடியிலிருந்து ஆத்தாவைத் தனியாகச் சிட்னிக்கு அனுப்புகிறோம், தூரம் 9,100 கிலோமீட்டர், 11 மணி நேரம் என்று பார்த்தோம், டிக்கெட்டில் 22 மணி நேரத்துக்கு மேல் தெரிகிறதே என்று கேட்டிருந்தீர்கள். பயப்படாதீர்கள், இரண்டும் சரிதான்.

நீங்கள் பார்த்தது நேர்க்கோட்டுத் தூரம். உங்கள் விமானம் சிங்கப்பூர் வழி. திருச்சி–சிங்கப்பூர் ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர், 4 மணி நேரம். அங்கிருந்து சிட்னி 6,300, சுமார் 8 மணி நேரம். கூட்டினால் சுமார் 9,300தான். சிங்கப்பூர் கிட்டத்தட்ட போகிற வழியிலேயே இருக்கிறது, சுற்று என்று நினைக்க வேண்டாம்.

ஆக 12 மணி நேரப் பறப்பு, நடுவில் 6 மணி நேரக் காத்திருப்பு, மொத்தம் 18. சிட்னி கடிகாரம் நமக்கு நாலரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது (அக்டோபர் முதல் ஏப்ரல் தொடக்கம் வரை ஐந்தரை). 18-உடன் அந்த நாலரையும் சேர்ந்துதான், இரவு 11-க்குக் கிளம்பினால் மறுநாள் இரவு 9.30-க்கு இறங்குவதாக, 22 மணி நேரத்துக்கு மேல் ஆவதுபோலக் காட்டுகிறது.

அப்புறம், சக்கர நாற்காலிக்கு இப்போதே சொல்லிவையுங்கள். என் ஆத்தாவை அனுப்பியபோது சிங்கப்பூரில் அடுத்த விமானத்தின் வாசல் வரை நடப்பதுதான் அவருக்குப் பெரும்பாடாக இருந்தது. காரைக்குடியிலிருந்து திருச்சிக்கு 2 மணி நேரம், விமான நிலையத்தில் 3 மணி நேரம் முன்னதாக இருக்க வேண்டும், அதையும் கணக்கில் சேருங்கள். டின்னில் சீடை, மணகோலம், கவுனி அரிசி எது இருந்தாலும் ஆஸ்திரேலியப் படிவத்தில் 'உணவு இருக்கிறது' என்று அவசியம் குறிக்கச் சொல்லுங்கள். மறைத்தால் அபராதம் போடுவார்கள்.