கடன் அடைச்சாச்சு, இனி கார்டை மூடலாமா? வாசகர் கேள்வி-பதில்

இந்த தடவை வந்த லெட்டர்ல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான், கடனை கட்டி முடிச்சவங்க கையில சும்மா கிடக்கிற கிரெடிட் கார்டை என்ன பண்றதுன்னு. அதனால மத்த கேள்வியை எல்லாம் தள்ளி வச்சுட்டு இதையே எடுத்துக்கறேன். நீளமா எழுதினவங்க கோச்சுக்காதீங்க, சுருக்கித்தான் போட்டிருக்கேன்.

கேள்வி: நாலு கார்டுல இருந்த கடனை வருஷக்கணக்கா கட்டி போன மாசம்தான் முழுசா முடிச்சேன். இனிமே ஒரு கார்டு போதும், மூணை மூடிடலாம்னு பாத்தா ஆபீஸ்ல எல்லாரும் ஸ்கோர் விழுந்துடும் மூடாதேங்கிறாங்க. என்ன செய்யட்டும் அண்ணா?

பதில்: கட்டி முடிச்சீங்களே, மொதல்ல அதுக்கு ஒரு வணக்கம். நாலு கார்டு வட்டியை சமாளிச்சு வெளிய வர்றது எவ்வளவு கஷ்டம்னு எனக்கு வர்ற லெட்டர்ல தினம் பாக்கறேன்.

ஸ்கோர்ங்கறது நீங்க கடனை எப்படி கையாளறீங்கன்னு பாத்து போடற மார்க், லோன் தர்றவங்க அதைத்தான் பாப்பாங்க. அது ஏன் இறங்கும்னு தெரிஞ்சுக்கிட்டா பாதி பயம் போயிடும். உங்க எல்லா கார்டு லிமிட்டையும் கூட்டி, அதுல எத்தனை சதவீதம் பாக்கி நிக்குதுன்னு பாப்பாங்க. நாலும் சேந்து 5 லட்சம் லிமிட்னு வைங்க, மாசம் 40,000 தேய்க்கறீங்க, அது 8 சதவீதம். மூணை மூடிட்டு 1 லட்சம் லிமிட் உள்ள கார்டை மட்டும் வச்சா அதே 40,000 இப்ப 40 சதவீதம். 30-க்குள்ள இருக்கட்டும்னு பொதுவா சொல்வாங்க. நீங்க ஒரு பைசா கூடுதலா செலவு பண்ணல, மாசாமாசம் முழுசா கட்டவும் செய்றீங்க, ஆனாலும் ஸ்டேட்மெண்ட் அன்னிக்கு நிக்கிற தொகைதான் பெரும்பாலும் கிரெடிட் ரிப்போர்ட்டுக்கு, அதாவது உங்க கடன் விவரமெல்லாம் இருக்கிற பதிவுக்கு, போகுதுங்கறதால ஆளு திடீர்னு கடன்ல மூழ்கிட்ட மாதிரி தெரியும். ஸ்டேட்மெண்ட் தேதிக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடியே கொஞ்சம் கட்டிட்டா இந்த சதவீதம் தானா இறங்கிடும், ஸ்கோரும் பெரும்பாலும் அதோட ஏறிடும். கார்டையே தொடறதில்லன்னா இந்த கணக்கே வேண்டாம், பாக்கி பூஜ்யம்னா லிமிட் எவ்வளவா இருந்தா என்ன.

அதனால நான் கேக்கறது மூணே விஷயம். அந்த கார்டுக்கு வருஷ கட்டணம் இருக்கா? அடுத்த ஆறு மாசத்துல வீட்டு லோன் மாதிரி பெருசா ஏதாவது வாங்கப் போறீங்களா? கார்டு பர்ஸ்ல இருந்தா கை அரிக்குதா? கடைசி கேள்விக்கு ஆமான்னு உங்க மனசு சொல்லுச்சுன்னா மத்த ரெண்டையும் விடுங்க, மூடிடுங்க. ஸ்கோரை திரும்ப ஏத்திக்கலாம், இன்னொரு தடவை கடன்ல விழுந்தா வெளிய வர எவ்வளவு வருஷம் ஆகும்னு உங்களுக்கே தெரியும். அந்த பிரச்சினை இல்ல, லோன்தான் வரப்போகுதுன்னா லோன் கைக்கு வர்ற வரைக்கும் எதையும் தொடாதீங்க. அப்புறமா கட்டணம் வாங்கறதை மொதல்ல, சின்ன லிமிட் கார்டை அடுத்து, ஒவ்வொண்ணா மூடுங்க.

கேள்வி: கார்டை கத்திரியால நாலா வெட்டி குப்பையில போட்டுட்டேன். மூடின மாதிரிதானே?

பதில்: இல்ல. நீங்க வெட்டினது பிளாஸ்டிக்கை, அக்கவுண்ட் அப்படியே உயிரோட இருக்கு, வருஷ கட்டணம் உள்ள கார்டுன்னா அதுவும் வரும்.

கேள்வி: என்னோட முதல் கார்டு 12 வருஷம் பழசு, கட்டணம் கிடையாது. அதை மூடினா பழைய நல்ல ஹிஸ்டரி மொத்தமும் அழிஞ்சிடும்னு சொல்றாங்களே, நெஜமா?

பதில்: உடனே அழியாது. அமெரிக்காவுல ஃபைகோ ஸ்கோர் போடறவங்க அவங்க கணக்கை வெளிப்படையாவே சொல்லியிருக்காங்க, ஒழுங்கா கட்டினதுக்கு 35 சதவீதம், பாக்கி நிக்கிற கடனுக்கு 30, அக்கவுண்டோட வயசுக்கு 15, மிச்சம் புதுக் கடனுக்கும் கடன் வகைகளுக்கும். நல்லபடியா மூடின அக்கவுண்ட் அங்க ரிப்போர்ட்ல 10 வருஷம் வரைக்கும் இருக்கும், அதுவரை அதோட வயசும் கணக்குல சேரும். மத்த நாட்டுல விவரம் மாறும், ஆனா மூடின மறுநாளே பேர் கெட்டுடும்ங்கறது வெறும் பயமுறுத்தல். உங்க கேஸ்ல கட்டணம் இல்ல, பழசு, வச்சுக்கோங்க. மாசம் ஒரு போன் பில் மட்டும் அதுல ஆட்டோ பேல போட்டு, அதை முழுசா கட்டிட்டே வாங்க. ரொம்ப நாள் தொடாம விட்டா பேங்க்காரங்களே மூடிடுவாங்க.

கேள்வி: ஸ்டேட்மெண்ட்ல இருந்த மொத்தத் தொகையையும் கட்டிட்டு மூடச்சொல்லி போன்லயும் சொல்லிட்டேன். நாலு மாசம் கழிச்சு லேட் ஃபீஸ், வட்டி எல்லாம் சேத்து பாக்கி இருக்குன்னு மெசேஜ். நான் ஏமாந்துட்டேனா மேடம்னு கேட்டா பேங்க் ஹெல்ப்லைன் பொண்ணு ஃபோனை வச்சிட்டா. நான் ரிட்டயர் ஆனவன், மனசு உடைஞ்சு போச்சு.

பதில்: சார், உங்க மேல தப்பே இல்ல. இது எத்தனையோ பேருக்கு நடக்குது, நடந்ததும் என்னன்னா பழைய பாக்கி மேல வட்டி நாள் கணக்குல ஓடிட்டே இருக்கும். 5-ம் தேதி ஸ்டேட்மெண்ட் வந்துச்சு, நீங்க 22-ம் தேதி கட்டினீங்கன்னா, நடுவுல இருக்கிற 17 நாள் வட்டி அந்த ஸ்டேட்மெண்ட்ல இருக்காது, அடுத்ததுல வரும். நீங்க முடிஞ்சுதுன்னு நினைச்சு விட்டுட்டீங்க, அந்த சின்ன தொகை கட்டாம நின்னு, அது மேல லேட் ஃபீஸ், அது மேல வட்டின்னு ஏறிடுச்சு. ஃபோன்ல பேசின பொண்ணு ஒரு நிமிஷம் செலவு பண்ணி இதை சொல்லியிருக்கணும்.

இப்ப செய்ய வேண்டியது: இன்னிக்கு தேதிக்கு கட்ட வேண்டிய மொத்தம் எவ்வளவுன்னு ஈமெயில்ல கேளுங்க, நீங்க மூடச்சொன்ன தேதியை எழுதி லேட் ஃபீஸை ரத்து பண்ணச் சொல்லுங்க. மறுத்தா மேல புகார் போடுங்க, விடாதீங்க. மிச்சத்தை கட்டினப்புறம் பாக்கி எதுவும் இல்லைன்னு லெட்டர் வாங்கிக்கோங்க. மத்தவங்களும் கேட்டுக்கோங்க, கடைசியா கட்டினப்புறம் இன்னொரு ஸ்டேட்மெண்ட் பூஜ்யம்னு வர்ற வரைக்கும் காத்திருந்து அப்புறம் மூடுங்க. அதுக்குள்ள ஓடிடி, இன்ஷூரன்ஸ், ஃபோன் பில்னு அந்த கார்டுல ஓடுற ஆட்டோ டெபிட் எல்லாத்தையும் வேற இடத்துக்கு மாத்திடுங்க. பாக்கி ஈஎம்ஐ இருந்தா மூடும்போது மொத்தமும் ஒரே அடியா கேப்பாங்க.

கேள்வி: மூடணும்னு கால் பண்ணா ஒவ்வொரு தடவையும் வேற வேற ஆள்கிட்ட மாத்தி விடறாங்க, கட்டணம் தள்ளுபடி தர்றோம் பாயிண்ட் தர்றோம்னு இழுக்கறாங்க. மூணு மாசமா இதே கதை.

பதில்: எனக்கு ரத்தம் கொதிக்கிற விஷயம் இது. கார்டு வாங்கறப்ப அஞ்சு நிமிஷம், ஒரு ஓடிபி, முடிஞ்சுது. மூடணும்னா மட்டும் ஃபோன் மெனுல அந்த வார்த்தையே இருக்காது, 9 அமுக்கு 4 அமுக்குன்னு சுத்தி வந்து கடைசியா கிடைக்கிற ஆளோட வேலையே உங்களை மூட விடாம தடுக்கறதுதான். அவரும் சம்பளத்துக்கு வேலை பாக்கற புள்ள, அவர் மேல எனக்கு கோவம் இல்ல. இப்படி ஏற்பாடு பண்ணி வச்சிருக்கவங்க மேலதான். ஒரு வருஷ கட்டணத்தை தள்ளுபடி பண்ணா அடுத்த வருஷம் நீங்க மறந்துடுவீங்கன்னு அவங்களுக்கு நல்லா தெரியும். நானும் ஒரு பேங்க்ல கார்டு ப்ரொடெக்‌ஷன் ப்ளான்னு ஒண்ணு ஃபோன்ல வாங்கினேன், தொலைஞ்சா உடனே எல்லா கார்டையும் பிளாக் பண்ணி தருவாங்கன்னு. ஆப்ல ஒரு பட்டனை தட்டினா இலவசமா நடக்கிற வேலை அது. தொடாத கார்டுல வருஷாவருஷம் தானா ரினியூ ஆகி பணம் போயிட்டே இருந்துச்சு, அதை நிறுத்தவே கடைசில கார்டையே மூட வேண்டியதா போச்சு.

நீங்க இந்தியாவுல இருந்தா ரிசர்வ் வங்கி உங்க பக்கம்தான் இருக்கு. 2022-ல வந்த கார்டு விதிகள்படி, பாக்கி இல்லன்னா கேட்ட 7 வேலை நாளுக்குள்ள மூடியே ஆகணும். தாண்டினா மூடற வரைக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபா உங்களுக்கு தரணும். தபால்லதான் எழுதி அனுப்பணும்னு அடம்பிடிக்கவும் கூடாது, ஆப், வெப்சைட், ஈமெயில், ஹெல்ப்லைன்னு வழி வச்சிருக்கணும். அதனால இனிமே ஃபோன் வேண்டாம். ரெண்டு வரி ஈமெயில், "என் கார்டை மூடவும், சலுகை எதுவும் வேண்டாம், கோரிக்கை எண் தரவும்"னு. 7 வேலை நாள் போனா அந்த 500 ரூபா விதியை எடுத்துச் சொல்லி பேங்க்கோட குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்க, 30 நாள்ல ஒழுங்கான பதில் வரலன்னா பேங்க் மேல வர்ற புகாரை விசாரிக்கிற ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேன்கிட்ட ஆன்லைன்லயே புகார் போடலாம், காசு கிடையாது. வேற நாட்டுல இருக்கவங்க உங்க ஊர் விதியை பாத்துக்கோங்க, ஆனா எழுத்துல கேளுங்க, நம்பர் வாங்குங்க, அது எங்கயும் உதவும்.

கேள்வி: பர்சனல் லோன் போட்டு மூணு கார்டையும் அடைச்சுட்டேன், இப்ப கார்டெல்லாம் ஃப்ரீ. சேல் வருது, நோ காஸ்ட் ஈஎம்ஐல, அதான் வட்டி இல்லன்னு சொல்ற மாசத் தவணைல, ஃபோன் எடுத்துட்டு அப்புறம் மூடலாமா?

பதில்: தம்பி, உங்க கடன் எங்கயும் போகல, கார்டுல இருந்து லோனுக்கு இடம் மாறியிருக்கு. கட்டி முடிச்சதா நினைச்சுக்கிட்டு இருக்கீங்க. இப்ப கார்டுலயும் ஏத்தினீங்கன்னா லோன் ஈஎம்ஐ ஒண்ணு, கார்டு ஈஎம்ஐ ஒண்ணு, ரெண்டையும் கட்டணும். நோ காஸ்ட்னு போட்டிருந்தாலும் பிராசஸிங் ஃபீஸ், வரி எல்லாம் இருக்கான்னு அந்த சின்ன எழுத்தை ஒரு தடவையாவது படிச்சீங்களா? ஃபோன் வேண்டாம். ரெண்டு கார்டை இந்த வாரமே மூடுங்க.

கேள்வி: கார்டுல செலவு பண்ணதுக்கு கிடைச்ச 8,000 ரிவார்டு பாயிண்ட் இருக்கு, மூடினா போயிடுமா?

பதில்: பெரும்பாலான கார்டுல போயிடும், முன்னாடியே எடுத்துடுங்க. பில்லுல கழிக்கிற வசதி இருந்தா அதையே எடுங்க, பாயிண்டுக்கு பொருள் தர்ற கேட்லாக் பக்கமே போகாதீங்க. நான் அதுல எடுத்த ட்ராலி பேக்கோட சக்கரம் ஏர்போர்ட்லயே கழண்டுச்சு.

கேள்வி: வீட்டுக்காரருக்கு வேலை போனப்ப கார்டு பில் கட்ட முடியல. வசூலுக்கு வந்தவர் பாதி கட்டுங்க அக்கா, மொத்தமா முடிஞ்சிடும்னார். நகையை வித்து கட்டினேன். இப்ப பொண்ணு படிப்புக்கு லோன் கேட்டா ரிப்போர்ட்ல செட்டில்டுன்னு இருக்குன்னு மறுத்துட்டாங்க. ஏமாத்திட்டாங்களா?

பதில்: ஆமாம்மா, பாதி உண்மையை மட்டும் சொல்லி ஏமாத்திட்டாங்க. நகையை வித்து கட்டின ஒருத்தர்கிட்ட அந்த ஒரு வார்த்தையோட விளைவை சொல்லாம காசை வாங்கிட்டு போனது அநியாயம். க்ளோஸ்டுன்னா முழுசா கட்டி மூடினது. செட்டில்டுன்னா பேங்க் ஒரு பகுதியை நஷ்டமா ஏத்துக்கிட்டு மூடினது, அடுத்து லோன் தர்றவங்க அதைப் பாத்துதான் பின்வாங்கறாங்க.

இதை சரி பண்ண வழி இருக்கு. விட்டுக் கொடுத்த தொகை எவ்வளவுன்னு பேங்க்ல எழுதிக் கேளுங்க. வட்டி, அபராதம் எவ்வளவு, அசல் எவ்வளவுன்னு பிரிச்சு கேளுங்க, பேசி குறைக்க இடம் இருக்கும். கட்ட முடிஞ்சா நேரா பேங்க் அக்கவுண்ட்ல மட்டும் கட்டுங்க, எந்த ஏஜெண்ட் கையிலயும் தராதீங்க. கட்டறதுக்கு முன்னாடியே, கட்டினா ரிப்போர்ட்ல க்ளோஸ்டுன்னு மாத்துவோம்னு லெட்டர் வாங்கிடுங்க. மாத்தலன்னா ரிப்போர்ட் கம்பெனியிலயே ஆன்லைன்ல ஆட்சேபம் பதிவு பண்ணலாம். இந்தியாவுல சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், க்ரிஃப் ஹைமார்க்னு நாலு பேரும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமா தரணும், நாலையும் எடுத்துப் பாருங்க. ஸ்கோரை ஏத்தித் தர்றோம்னு காசு கேட்டு வர்றவங்களை வாசல்லயே அனுப்பிடுங்க, நீங்களே செய்யக்கூடிய வேலை இது. பேங்க்ல இருந்து வர்ற பதிலை எனக்கு அனுப்புங்கம்மா, அடுத்த லெட்டரை சேந்து எழுதுவோம்.