நோட்டைப் பிரித்தால் மாடிக்குப் போகிறான்

அன்புள்ள ஆலோசகருக்கு,

வணக்கம். எனக்கு 44 வயது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு, சிப்காட்டில் வேலை. வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். போன வருடம் ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றார்கள். அன்றிலிருந்து வாழ்க்கையை ஒழுங்குக்குக் கொண்டுவரப் பார்க்கிறேன். வீட்டில் ஒத்துழைப்பே இல்லை.

காலை 5 மணிக்கு எழ வேண்டும், சில்வர் பீச்சில் 45 நிமிடம் நடக்க வேண்டும், ராத்திரி சாப்பாடு கிடையாது, போன் அரை மணி நேரம்தான், தினமும் பத்துப் பக்கம் படிக்க வேண்டும். 21 நாள் விடாமல் செய்தால் பழகிவிடும் என்கிறார்கள். ஐந்து தடவை ஆரம்பித்தேன். ஐந்து தடவையும் எட்டாம் நாள், ஒன்பதாம் நாள் கவிழ்ந்துவிட்டது.

ராத்திரி வேண்டாம் என்றால், "ரெண்டு தோசை சாப்பிட்டா ஒண்ணும் ஆகிடாது" என்று மனைவி தட்டில் வைத்துவிடுகிறாள். வேண்டுமென்றே செய்கிறாளோ என்றுகூடத் தோன்றுகிறது. அம்மா, "வேலைக்குப் போற புள்ள தூங்கட்டும்" என்று அலாரத்தை அணைத்துவிடுகிறார். கூட வேலை பார்க்கும் ஒருவர் ஏழு மாதத்தில் ஒன்பது கிலோ குறைத்துவிட்டார். அவர் வீட்டில் யாரும் தோசையை நீட்டுவதில்லை.

எல்லாவற்றையும் லாங் சைஸ் நோட்டில் எழுதி வருகிறேன். செய்தால் நீல டிக், விட்டால் சிவப்பு இன்ட்டு. பத்தாவது படிக்கும் மகனுக்கும் அவன் நல்லதுக்காக ஒரு கட்டம் போட்டேன். இப்போதெல்லாம் நான் நோட்டைப் பிரித்தாலே மாடிக்குப் போய்விடுகிறான், சாப்பிடக் கூப்பிட்டாலும் இறங்குவதில்லை, அந்த வயசு அப்படி, அது போகட்டும். சிவப்பு விழுந்த அன்று எனக்கு யாரிடமும் பேசவே பிடிப்பதில்லை. நான் சோம்பேறி இல்லை. வீட்டில் அந்த ரெண்டு தோசையை நிறுத்தினாலே பாதி சரியாகும்.

மன உறுதி வளர என்ன செய்ய வேண்டும்?

— மஞ்சக்குப்பம் வாசகர்

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் கடிதத்தில் தோசை மூன்று இடத்தில் வருகிறது. மகன் இரண்டே வாக்கியத்தில் வந்து, "அது போகட்டும்" என்றதும் காணாமல் போகிறான். எனக்கு அதைப் போக விட மனமில்லை.

பழக்கம் எதுவும் உருவாகவில்லை என்கிறீர்கள். உங்கள் வீட்டில் ஒன்று அருமையாக உருவாகியிருக்கிறது. நோட்டைப் பிரிக்கும் சத்தம் கேட்கிறது, பிள்ளை மாடிப்படி ஏறுகிறான், நெஞ்சு லேசாகிறது. இதற்கு அவன் அலாரம் வைத்தானா, 21 நாள் எண்ணினானா? மாறாத ஒரு அடையாளம், அதைத் தொட்டுச் சின்னதாக ஒரு செயல், உடனே கிடைக்கும் நிம்மதி. பழக்கம் பிடிப்பது இப்படித்தான். மன உறுதிக்கு இதில் வேலை குறைவு. உங்கள் பட்டியலில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை.

அடையாளத்தைப் பாருங்கள். 5 மணி என்கிறீர்கள். காலை 6 மணி ஷிப்ட் என்றால் அந்நேரம் நீங்கள் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பியிருக்க வேண்டும். இரவு 10-க்கு முடியும் வாரத்தில் படுக்கவே பதினொன்றரை ஆகும். 5-க்கு எழுந்தால் ஐந்தரை மணி நேரத் தூக்கம்தான், உடம்புக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். நைட் ஷிப்ட் வாரத்தில் 5 மணிக்கு ஆலையிலேயே இருப்பீர்கள். மூன்று வாரத்தில் ஒரு வாரம்கூட அந்த 5 மணி உங்களுடையது இல்லை. எட்டாம் நாள் ஏன் கவிழ்கிறது என்று இப்போது தெரிகிறதா? அன்றுதான் ஷிப்ட் மாறுகிறது. அம்மா அலாரத்தை அணைத்ததில் எனக்குக் குறை சொல்லத் தோன்றவில்லை.

21 நாள் கணக்குக்கும் ஆதாரம் கிடையாது. 2009-ல் வெளியான ஒரு லண்டன் ஆய்வில் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்தார்கள். ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வர, நடுவாக 66 நாள் பிடித்தது. பன்னிரண்டு வாரப் போக்கை வைத்துக் கணித்ததில், ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை கணக்கு விரிந்தது. அதுவும் ஆளுக்கு ஒரே ஒரு செயல். உங்களைப் போல ஐந்து அல்ல. இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பும் இல்லை. ஆக, ஒரு சிவப்பு இன்ட்டு உங்கள் பழக்கத்தைக் கெடுக்காது. அதற்காக அன்று முழுக்க முகத்தைத் திருப்பிக்கொள்வதுதான் வீட்டைக் கெடுக்கிறது. மனைவி தோசை வைப்பதைச் சதி என்று படிக்கிறீர்கள். சிவப்பு விழுந்தால் நாளைக்கு நீங்கள் வாய் திறக்கமாட்டீர்கள் என்று தெரிந்த ஒருவர், இன்றைக்காவது நாலு வார்த்தை பேச வழி தேடுகிறாரோ என்று எனக்குப் படுகிறது.

நடைக்கு மணியைக் கைவிடுங்கள். முக்கியமான சாப்பாடு முடிந்து கை கழுவியதும் தெருவில் பத்து நிமிடம். எந்த ஷிப்ட்டானாலும் சாப்பாடு உண்டு, அதனால் அடையாளம் அறுந்துபோகாது. சாப்பிட்ட கையோடு நடந்தால் சர்க்கரை ஏறுவதும் மட்டுப்படும். சட்டை மாற்ற வேண்டாம், ஷூ வேண்டாம்; ஆயத்தம் கூடினால் நடை நின்றுவிடும். ராத்திரிப் பட்டினியையும் விட்டுவிடுங்கள். வெறும் வயிற்றோடு நைட் ஷிப்ட் போகிறவர்கள் பெரும்பாலும் 2 மணிக்கு கேன்டீன் போண்டாவில்தான் போய் நிற்பார்கள். நைட் வாரத்தில் 2 மணிக்குப் பிறகு டீ வேண்டாம், குடித்து ஐந்து மணி நேரம் ஆனாலும் டீயில் உள்ள, தூக்கத்தைக் கெடுக்கும் காபீனில் பாதி உடம்பில் நிற்கும். பீச், பத்துப் பக்கம், போன் மூன்றும் இரண்டு மாதம் காத்திருக்கட்டும். ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி சொல்லும் ஹெச்பிஏ1சி பரிசோதனையை மறுபடி எடுத்து, டாக்டரிடம் காட்டுங்கள்.

இனி பிள்ளை. பொதுத்தேர்வு வருடம், பள்ளியில் மதிப்பெண், டியூஷனில் மதிப்பெண், வீட்டிலும் அப்பா கையில் சிவப்புப் பேனா. உங்கள் தோல்வியை எழுத உங்களுக்கு உரிமை உண்டு, அவனுடையதை எழுத இல்லை. அவன் கட்டத்தை அவன் கண்முன்னே அடித்துவிட்டு, "இது நான் போட்டிருக்கக் கூடாதுப்பா" என்று மட்டும் சொல்லுங்கள். காரணம், விளக்கம், இனிமேல் எப்படி என்ற திட்டம் எதுவும் கூடாது. உடனே இறங்கி வந்து உட்காருவான் என்று எதிர்பார்க்காதீர்கள். இரண்டு வாரம் தாண்டியும் சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல், நண்பர்களையும் ஒதுக்கினால் 14416-ல் டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி சேவையின் ஆலோசகரிடம் பேசுங்கள். எந்நேரமும் பேசலாம், கட்டணம் இல்லை.

அதுவரை அவன் சாப்பிட வராத ராத்திரிகளில் கீழே நின்று கூப்பிடாதீர்கள். தட்டில் ரெண்டு தோசை வைத்து, நீங்களே மாடிக்குக் கொண்டுபோங்கள். நோட்டு கீழேயே இருக்கட்டும்.