பாம்பெர்க் பீர் விடுதிகள்: கேட்டவர்களுக்குப் பதில்

ஜெர்மனியில் நியூரம்பெர்க் பக்கம் குடிவந்து பல வருடங்கள் ஆகின்றன. ரயிலேறினால் ஒரு மணி நேரத்துக்குள் பாம்பெர்க். அங்கே சொந்தமாகப் பீர் காய்ச்சி, அதே கட்டடத்தில் ஊற்றித் தரும் பழைய விடுதிகளைப் பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்கு, தெரிந்தவரை எழுதுகிறேன்.

அண்ணா, ம்யூனிக்குக்கு வேலையாக வருகிறேன். கையில் ஒரு நாள்தான் இருக்கிறது. அங்கேயே பெரிய பீர்க் கூடங்கள் இருக்கும்போது பாம்பெர்க் வரை வர வேண்டுமா?

வாங்க தம்பி. சுமார் 80,000 பேர் வாழும் ஊரில் பத்தை ஒட்டி பீர் ஆலைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் ருசியும் வேறு. ஊரும் அழகு. 1993-லேயே பழைய நகரம் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்துவிட்டது. ம்யூனிக்கில் கூட்டத்தைப் பார்ப்பீர்கள். இங்கே பக்கத்து மேசைத் தாத்தா "எங்கிருந்து வருகிறீர்கள்?" என்று பேச்சைத் தொடங்குவார்.

பாம்பெர்க்கில் ஷ்லெங்கர்லா என்ற விடுதியின் புகைப் பீர் முதல் வாயிலேயே பிடிக்கவில்லை. கருகின வாசம் அடித்தது. அது கெட்டுப்போன பீரா?

இல்லைங்க, அந்தப் பீரின் குணமே அதுதான். பீர் காய்ச்ச முதலில் பார்லியை ஊறவைத்து முளைகட்ட வேண்டும். முளை வந்ததும் உலர்த்த வேண்டும், அதுதான் மால்ட். அந்தக் காலத்தில் நெருப்பின் மேல்தான் உலர்த்தினார்கள், அதனால் பல ஊர்ப் பீரிலும் கொஞ்சம் புகை இருந்தது. பிறகு புகை தானியத்தில் படாமல் சூடான காற்றால் உலர்த்தும் அடுப்புகள் வந்தன. மற்ற ஊர்கள் மாறிவிட்டன. பாம்பெர்க்கில் ஷ்லெங்கர்லா, ஸ்பெட்ஸியால் என்ற இரண்டு ஆலைகள் மட்டும் இன்றும் பீச் மரக் கட்டைகளை எரித்து, அந்தப் புகையிலேயே தங்கள் மால்ட்டை உலர்த்துகின்றன. இந்தப் பிடிவாதத்துக்காகவே அவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை.

ருசிக்கு வருவோம். ஜெர்மன்காரர்கள் புகையில் வாட்டிய பன்றி இறைச்சி மாதிரி என்பார்கள். எனக்கு விறகடுப்பில் சுட்ட கத்திரிக்காய்தான் நினைவுக்கு வரும். முதல் வாயில் புகை மட்டும்தான் தெரியும். அரை கிளாஸ் போனதும் நாக்குப் பழகிவிடும். அப்புறம்தான் அடியில் இருக்கும் மால்ட்டின் இனிப்பு தெரிய ஆரம்பிக்கும். ஒரு வாயோடு நிறுத்தினால் பாதிக் கதையில் எழுந்து வந்த மாதிரி. அடுத்த முறை அவர்களுடைய மேர்ட்ஸன் என்ற புகைப் பீரைக் கேளுங்கள். கருஞ்சிவப்பு நிறம், ஆல்கஹால் 5.1 சதவீதம். அதை அங்கே மரப்பீப்பாயிலிருந்து நேராக ஊற்றுவார்கள். காற்று அழுத்தம் கொடுத்துத் தள்ளுவதில்லை, தானாக இறங்குகிறது. அதனால் குமிழி மென்மையாக இருக்கும்.

இன்னொரு சுவாரசியம்: அவர்களுடைய ஹெல்லெஸ் என்ற வெளிர் நிறப் பீரில் புகை மால்ட்டே கிடையாது. ஆனாலும் அதே கொப்பரை, அதே ஈஸ்ட் என்பதால் லேசாகப் புகை வாசம் வரும்.

ஒரே நாளில் மூன்று இடம் போகலாமா? எந்த வரிசையில்?

தாராளமாகப் போகலாம், ஆனால் புகையைக் கடைசிக்கு வையுங்கள். முதலில் போனால் அடுத்த கிளாஸ் எல்லாம் தண்ணீராகத் தெரியும். ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் ஃபெஸ்லா என்ற விடுதி. அங்கே புகையில்லாத லாகர். தெருவைக் கடந்தால் எதிரிலேயே ஸ்பெட்ஸியால், 1536-லிருந்து பீர் காய்ச்சும் வீடு. அங்கே புகை மிதமாக இருக்கும், பழக நல்ல பள்ளிக்கூடம். பிறகு பாலத்தைத் தாண்டி ஷ்லெங்கர்லா. அளவு அரை லிட்டர், உள்ளூர்ப் பேச்சில் ஸைட்லா. கடைசியாகக் கொஞ்சம் மட்டும் போதுமென்றால் "ஷ்னிட்" என்று கேளுங்கள், வேகமாக நுரையோடு குறைவாக ஊற்றித் தருவார்கள்.

மார்ஸ் ப்ரோய் என்ற பாம்பெர்க் விடுதியில் "ஆ ஊ" என்று கேட்டால் பீர் வருகிறதாமே?

உண்மைதான். "ஊ" என்பது ஊன்கெஷ்புண்டெட் என்பதன் முதல் எழுத்து. பீப்பாயின் அடைப்பை இறுக்காமல் விட்டு, வாயு வெளியேறும்படி முதிர வைத்த பீர் என்று பொருள். வடிகட்டாதது, கொஞ்சம் கலங்கலாக இருக்கும். ஒன்று மட்டும் குடிக்க அனுமதி என்றால் நான் அதைத்தான் கேட்பேன்.

நான் சைவம். சாப்பிட ஏதாவது கிடைக்குமா?

கிடைக்கும்மா, ஆனால் கேட்டு வாங்குங்கள். உருளைக்கிழங்கு உருண்டையைக் குழம்போடு தருவார்கள். பார்க்கச் சைவம்போல் இருக்கும், ஆனால் அந்தக் குழம்பு இறைச்சிச் சாற்றில் செய்தது. பாம்பெர்க் வெங்காயம் என்ற பதார்த்தத்திலும் உள்ளே கொத்துக்கறிதான். சீஸ் பிசைந்து செய்யும் ஒபாட்ஸ்டாவும் ரொட்டியும் நம்பி வாங்கலாம்.

உட்காரும் முறை, டிப்ஸ் பற்றி?

காலி இடம் இருந்தால் கேட்டுவிட்டு யார் மேசையிலும் உட்காரலாம். "ஷ்டாம்டிஷ்" என்று பலகை இருந்தால் அது வாடிக்கைக்காரர்களின் மேசை, விட்டுவிடுங்கள். குடித்த கணக்கைப் பல இடங்களில் கிளாஸுக்கு அடியில் வைக்கும் அட்டையில் கோடு போட்டு வைப்பார்கள், தொலைத்துவிடாதீர்கள். ரொக்கம் கொண்டு போங்கள். பணம் கொடுக்கும்போதே டிப்ஸ் சேர்த்து மொத்தத் தொகையைச் சொல்லிவிட வேண்டும்.

கோடையில் "கெல்லர் மேலே போகலாம்" என்கிறார்களே, கெல்லர் என்றால் நிலவறைதானே?

நல்ல கேள்வி. பீரைக் குளிரில் முதிர வைக்கக் குன்றுகளில் சுரங்கம் வெட்டினார்கள். வெயில் உள்ளே இறங்காமல் இருக்க மேலே செஸ்ட்நட் மரங்களை நட்டார்கள். அந்த நிழலில் மேசை போட்டதுதான் இன்றைய தோட்டம். நிலவறையின் தலைமேல் உட்காருவதால் "கெல்லர் மேலே". ஸ்பெட்ஸியால் கெல்லருக்குச் சாயங்காலம் ஏறிப் போங்கள், ஊரின் கூரைகளும் தேவாலயக் கோபுரங்களும் எதிரே தெரியும்.

கார் எடுத்து வரலாமா?

வேண்டாம். இரத்தத்தில் ஆல்கஹாலுக்குச் சட்ட வரம்பு ஆயிரத்துக்கு 0.5, புது ஓட்டுநர்களுக்கும் 21 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் பூஜ்யம். ரயில்தான் நல்லது.

பாட்டில் வாங்கி வரலாமா, அதே ருசி இருக்குமா?

வாங்கலாம், ஷ்லெங்கர்லாவிலேயே விற்கிறார்கள். புகை வாசம் அப்படியே இருக்கும். பீப்பாயிலிருந்து இறங்கிய அந்த மென்மை மட்டும் பாட்டிலில் வராது. அதனால் நான் ஊருக்குக் கொண்டு போவது அக்டோபரில் வரும் அவர்களுடைய ஊர்பொக் என்ற புகைப் பீர்தான். ஆல்கஹால் 6.5 சதவீதம், திடமான பீர், பயணத்தைத் தாங்கும். துணிகளுக்கு நடுவில் சுருட்டி வைத்தால் உடையாமல் வந்து சேரும்.