பேச்சு படிப்படியாகக் குறையும்போது வீட்டில் எதைப் பயிற்சி செய்வது?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. ஒன்றரை ஆண்டாகப் பேச்சு பாதியில் நின்றுவிடுகிறது. ‘அது… அதான், அந்த இது’ என்று சுற்றி வளைக்கிறார். நினைவாற்றலும் நடமாட்டமும் நன்றாகவே உள்ளன. ‘பிரைமரி ப்ரோக்ரஸிவ் அஃபேசியா’ (மூளையின் மொழித்திறன் படிப்படியாகத் தேயும் நோய்) என்று நரம்பியல் மருத்துவர் சொன்னார். குழந்தைகளின் படப் புத்தகத்தைக் காட்டித் தினமும் பெயர் கேட்கிறேன். எரிச்சலாகி எழுந்து போய்விடுகிறார். நாளாக நாளாகக் கூடும் நோய்க்கு ஸ்பீச் தெரபியால் பயன் உண்டா?

பதில்: படப் புத்தகத்தை முதலில் எடுத்து வைத்துவிடுங்கள். ஒட்டகமும் ஒட்டகச்சிவிங்கியும் அவருக்கு எதற்கு? விடை தெரிந்துகொண்டே ‘இது என்ன?’ என்று கேட்பது பரீட்சை. அவர் எழுந்து போவதில் வியப்பில்லை.

தெரபியால் பயன் உண்டு. ஆனால் பக்கவாதத்தில் போன பேச்சை மீட்பது போன்றதல்ல இது. விடாமல் பழகும் சொற்களைக் கணிசமான காலம் தக்கவைக்கலாம். பழகாத சொற்களுக்கு அந்தப் பலன் பெரும்பாலும் பரவுவதில்லை. அதனால் எந்தச் சொற்களை எடுக்கிறோம் என்பதிலேயே பாதி வேலை அடங்கிவிடுகிறது.

இந்த நோயின் எந்த வகை என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். 2011-இல் வகுத்த அளவுகோல்படி 3 வகைகள் உள்ளன. லோகோபெனிக் வகையில் பொருள் தெரியும், சொல் நாக்கு நுனியில் நின்றுவிடும்; நீண்ட வாக்கியத்தைத் திருப்பிச் சொல்ல வராது. செமான்டிக் வகையில் பேச்சு சரளமாக ஓடும், ஆனால் ‘கத்தரிக்கோல்னா என்ன?’ என்று கேட்பார். சொல்லோடு பொருளும் அழிகிறது. சரளமற்ற வகையில் உச்சரிப்பு திணறும், வாக்கியம் துண்டு துண்டாகும். நீங்கள் விவரிப்பது முதல் வகையைப் போலிருக்கிறது. உறுதி செய்ய வேண்டியவர் மருத்துவர்தான்.

சொற்களை அப்பாவே தேர்ந்தெடுக்கட்டும். 20 முதல் 30 போதும்: வீட்டார் பெயர்கள், தினமும் தொடும் பொருட்கள், அவருக்குப் பிடித்த வேலையின் சொற்கள். சில நேரம் வந்து சில நேரம் வராத சொற்களே ஏற்றவை. அடியோடு போனவற்றோடு மல்லுக்கட்ட வேண்டாம். படத்துக்கு அவருடைய சொந்தக் கண்ணாடி, சொந்தச் சாவிக்கொத்தையே போட்டோ எடுங்கள். செமான்டிக் வகையில் இது மிக முக்கியம்: ஒரு குடையின் படத்தில் கற்றது இன்னொரு குடைக்கு உதவாமல் போகும்.

பயிற்சி இப்படிப் போகட்டும். படத்தை வைத்து, ‘இதை எதுக்கு வெச்சிருக்கோம்? எங்க இருக்கும்?’ என்று பேச்சுக் கொடுங்கள். சொல் வரவில்லையென்றால் முதல் எழுத்தை எழுதிக் காட்டுங்கள். அப்போதும் வராவிட்டால் முதல் அசையைச் சொல்லுங்கள். பிறகு முழுச் சொல்லையும் நீங்களே சொல்லி, அவரைச் சில முறை சொல்லவும் ஒருமுறை எழுதவும் வையுங்கள். ஊகித்துத் தப்பாகச் சொல்ல விடாதீர்கள். தப்பான சொல்லே படிந்துவிடும். செமான்டிக் வகையில் ஊகத்துக்கே இடம் தராமல் விடையோடு தொடங்குவது நல்லது. ஒரு நாளைக்கு 20–30 நிமிடம், அவர் தெம்பாக இருக்கும் வேளையில். தேறிய சொற்களையும் வாரம் ஓரிரு முறை புரட்டுங்கள். பலரும் தவறவிடுவது இதைத்தான். விட்டால் போய்விடும்.

சொல் கிடைக்காமல் ‘மழைக்குப் பிடிக்கிறது’ என்று அவர் சொன்னால் அதுவும் வெற்றிதான். கேட்பவருக்குப் புரிந்துவிட்டதே!

சரளமற்ற வகைக்கு வேறு வழி: தன்னைப் பற்றி, தொலைபேசியில் பேசுவது பற்றி 4–6 சிறு வாக்கியங்கள் எழுதி, ஒருவர் வாயசைவு தெரியும்படி நிதானமாகச் சொல்லும் வீடியோவோடு சேர்ந்தே சொல்லிப் பழகுவது. வீட்டில் பேசும் தமிழிலேயே எழுதுங்கள். ‘நான் செல்கிறேன்’ என்று யாரும் பேசுவதில்லை. இந்த வகையில் ‘ஆமா’வும் ‘இல்ல’யும் இடம் மாறி வரும். பிடிவாதம் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டையும் எழுதிக் காட்டித் தொடச் சொல்லுங்கள்.

வீட்டார் பேசும் முறையும் மாற வேண்டும். டிவியை அணைத்துவிட்டு, முகம் பார்த்து, ஒரு நேரத்தில் ஒரே விஷயம். கேட்டுவிட்டு மனசுக்குள் 10 வரை எண்ணுங்கள். சொல்லை எடுத்துக் கொடுக்கலாமா என்று அவரிடமே முன்கூட்டிக் கேட்டு வையுங்கள்; சிலருக்கு அது உதவி, சிலருக்கு அவமானம். காது சரியாகக் கேட்கிறதா என்றும் சோதித்துவிடுங்கள்.

அவர் இன்னும் பேசும்போதே இரண்டு வேலைகளைத் தொடங்குங்கள். பின்னால் புதிய கருவியைப் பழகும் திறன் குறைந்துவிடும். ஒன்று, அவர் குரலில் அன்றாட வாக்கியங்களையும் பேரப்பிள்ளைகளைக் கூப்பிடுவதையும் போனில் பதிவு செய்வது. மற்றது, கையடக்கத் தொடர்புப் புத்தகம்: பக்கத்துக்கு 4–6 படம், கீழே பெரிய எழுத்தில் பெயர், தலைப்புவாரியாகப் புரட்ட ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும்படி ஒட்டிய காகிதத் துண்டு. இந்தப் புத்தகங்கள் பெரும்பாலும் அலமாரியில் தூங்குவதற்குக் காரணம், வீட்டார் அதைத் தொடாததுதான். ‘டாக்டர்கிட்ட நாளைக்கு’ என்று நீங்களும் படத்தைத் தொட்டே பேசுங்கள்.

சில வாரம் விடாமல் பழகியும் சொற்கள் உதிர்ந்தால் பட்டியலைப் பாதியாக்கி, புத்தகத்துக்கு நேரத்தைக் கூட்டச் சொல்லி தெரபிஸ்டிடம் பேசுங்கள். குடிக்கும்போது இருமல், சாப்பிட்டபின் குரல் கரகரப்பு, எடை குறைவு ஆகியவை விழுங்குவதில் சிக்கலைக் காட்டும். அதையும் தெரபிஸ்டிடமே சொல்லலாம். இந்த நோய் மெல்ல நகர்வது. பேச்சு திடீரென்று குழறினாலோ நின்றாலோ பக்கவாதமாக இருக்கலாம். தெரபிஸ்டுக்குக் காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.