வீல்சேரில் மெரினா போக வேண்டுமா? கழிப்பறையில் ஆரம்பியுங்கள்

கேள்வி: என் தம்பிக்கு 26 வயது. இரண்டு வருடங்களுக்கு முன் பைக் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, நெஞ்சுக்குக் கீழே உணர்வு இல்லை. கைகள் இரண்டும் நன்றாக இருக்கின்றன, வீல்சேரை அவனே தள்ளுவான். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தவிர வீட்டை விட்டு வெளியே வந்ததில்லை. பிறந்தநாளுக்கு எங்காவது கூட்டிப்போக ஆசை. மெரினாவில் வீல்சேர் போக மரப்பாதை இருக்கிறதாமே? வேறு எங்கெல்லாம் போகலாம்? அப்பா, அம்மா, நான் மூவரும் கூடவே இருப்போம். — வாசகி, அம்பத்தூர்

பதில்: ஆமாம், இருக்கிறது. காமராஜர் சாலையில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே தொடங்கி, மணலைக் கடந்து கடலை நோக்கிப் போகிறது. 2022 நவம்பர் கடைசியில் திறந்தார்கள். 263 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம். எதிரில் இன்னொரு வீல்சேர் வந்தாலும் தாராளமாக விலகிப் போகலாம். திறந்து இரண்டு வாரத்திலேயே மாண்டஸ் புயல் வந்து கடல் பக்கத்து முனையைப் பெயர்த்துவிட்டது, பிறகு சரிசெய்தார்கள். ஆகவே மழைக்காலமாக இருந்தால், முந்தின நாள் அந்தப் பக்கம் போகிற யாரையாவது ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். பெசன்ட் நகர் கடற்கரையிலும் இப்போது இதே மாதிரி ஒரு பாதை இருக்கிறது.

ஆனால் எந்த இடம் என்ற கேள்வியை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக (அன்றாட வேலைகளைத் தாங்களே செய்ய நோயாளிகளுக்குப் பயிற்சி தருபவராக) நான் பார்த்தவரை, தண்டுவடம் அடிபட்டவர்களின் முதல் பயணம் பாதியில் கலைவது பெரும்பாலும் சிறுநீர் விஷயத்தில்தான். வீல்சேர் நுழைகிற கழிப்பறை எங்கே, அது திறந்திருக்குமா என்று முதலில் விசாரியுங்கள். அதற்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்து இடத்தை முடிவுசெய்யுங்கள்.

சாதாரண வீல்சேரின் அகலம் 25 முதல் 27 அங்குலம். சக்கரத்தைத் தள்ளுகிற கைக்கும் இடம் வேண்டும். மத்திய அரசின் கட்டட வழிகாட்டுதல் கழிப்பறைக் கதவுக்கு 900 மில்லிமீட்டர் சொல்கிறது, அதாவது மூன்றடிக்குச் சற்றே குறைவு. நடைமுறையில், கதவில் வீல்சேர் படம் பளிச்சென்று ஒட்டியிருக்கும். திறந்தால் உள்ளே துடைப்பமும் வாளியும் பினாயில் கேனும் அடுக்கியிருக்கும். ஃபோனில் கேட்டால் "இருக்கு மேடம்" என்றுதான் பதில் வரும். "வீல்சேரோடு உள்ளே போய்க் கதவைச் சாத்த முடியுமா? சாவி யாரிடம் இருக்கும்?" என்று கேளுங்கள். அப்போதுதான் உண்மை வெளியே வரும்.

தம்பி யூரின் பேக் வைத்திருந்தால் வேலை சுலபம். பாதிக்கு மேல் நிரம்புவதற்குள் காலி செய்ய ஒரு மறைவு போதும். சில மணிக்கு ஒருமுறை டியூப் போட்டு எடுப்பவர் என்றால், சுத்தமான இடமும் கை கழுவத் தண்ணீரும் வேண்டும். கிளம்புவதற்கு முன் வீட்டில் ஒருமுறை எடுத்துவிட்டால் நான்கு மணி நேரம் கையில் இருக்கும். முதல் பயணத்தை அதற்குள் முடித்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: வெளியே போகிறோமே என்று தண்ணீர் குடிப்பதைக் குறைப்பது. பல வீடுகளில் இதுதான் நடக்கிறது. பிறகு சிறுநீர்த் தொற்று, காய்ச்சல், 'வெளியே கூட்டிப்போனதால்தான் இப்படி' என்று பழி ஊர்சுற்றியதன் மேல் விழும்.

"காலை 6 மணிக்குப் போங்க, கூட்டம் இருக்காது" என்று எல்லாரும் சொல்வார்கள். நடக்கிறவர்களுக்கு அது சரி. தம்பியின் காலை வேளை எப்படிப் போகிறது என்று உங்களுக்கே தெரியும். மலம் கழிக்க, குளிக்க, உடுத்தி வீல்சேரில் உட்கார இரண்டு மணி நேரம் ஆகலாம். அதை அவசரப்படுத்தினால் வழியில் சங்கடம். மதியம் சாப்பிட்டுக் கிளம்பி, நாலரை மணிக்கு மேல் கடலுக்குப் போவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. கடலைப் பார்த்து உட்காரும்போது வெயில் முதுகுப் பக்கம் போய்விடும், காற்றும் ஏறியிருக்கும். ஞாயிறும் விடுமுறை நாளும் வேண்டாம். அந்த மரப்பாதை வீல்சேருக்காகப் போட்டது என்பதைச் சனம் மறந்துவிடும், செல்ஃபி எடுப்பவர்களை விலக்கிக்கொண்டே போக வேண்டியிருக்கும்.

வார நாளாக அமைந்தால் இன்னொரு வசதியும் உண்டு. அதே காமராஜர் சாலையில், லேடி வெலிங்டன் வளாகத்தில் மாற்றுத்திறனாளிகள் நல ஆணையரகம் இருக்கிறது. அதே வளாகத்தில் 'மியூசியம் ஆஃப் பாசிபிலிட்டிஸ்' என்று ஒரு காட்சியகம். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஊனத்தோடு வாழ்கிறவர்கள் வீட்டிலும் வேலையிலும் பயன்படுத்தக்கூடிய கருவிகளை வைத்திருக்கிறார்கள். தொட்டுப் பார்க்கலாம், விளக்கம் கேட்கலாம். மாற்றுத்திறனாளிகளே வேலை செய்கிற ஒரு கஃபேயும் உண்டு. வீல்சேரில் வருகிறவர்களை நினைத்தே அமைத்த இடம் என்பதால் கழிப்பறைக் கவலையும் அங்கே தீரும். நேரத்தை ஃபோனில் கேட்டுக்கொண்டு மூன்று மணிக்கு அங்கே போய், காபி குடித்து, மற்ற வேலையையும் முடித்துக்கொண்டு கடற்கரைக்குப் போங்கள். இரண்டு வருடமாக வீட்டுக்குள்ளேயே இருந்த பையனுக்கு, தன்னைப் போன்ற ஒருவர் கல்லாவில் நின்றோ உட்கார்ந்தோ வேலை பார்ப்பதைக் காண்பதும் ஒன்றும் சின்ன விஷயமில்லை.

அம்பத்தூரிலிருந்து போக எது வசதி? கார்தான். ஆனால் கால் டாக்ஸியில் ஒரு வம்பு இருக்கிறது. சென்னையில் ஓடும் டாக்ஸிகளில் நிறைய வண்டிகளின் டிக்கியை சிஎன்ஜி சிலிண்டர் பிடித்துக்கொண்டிருக்கும், மடித்த வீல்சேர் உள்ளே போகாது. புக் செய்தவுடன் டிரைவருக்கு ஃபோன் போட்டு டிக்கி காலியா, மேலே கேரியர் இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால் அப்போதே விட்டுவிட்டு வேறு வண்டி பாருங்கள். வாசலில் வந்து நின்றபின் தகராறு செய்தால் தம்பியின் முகம்தான் வாடும்.

மெட்ரோ ரயில் இன்னொரு நாளைக்கு. நிலையங்களில் லிஃப்ட், அகலமான நுழைவு கேட், பெட்டிக்குள் வீல்சேர் நிறுத்த இடம் எல்லாம் உண்டு. ரயிலுக்கும் பிளாட்ஃபாரத்துக்கும் உள்ள இடைவெளியும் சிறியதுதான். சிக்கல் என்னவென்றால் நிலையத்தின் எல்லா வாசலிலும் லிஃப்ட் இருக்காது. சாலைக்கு அந்தப் பக்கம் இறங்கிவிட்டால் வீல்சேரோடு அண்ணா சாலையைக் கடக்க வேண்டிவரும், அது விஷப்பரீட்சை. லிஃப்ட் எந்த வாசலில் என்று முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

பேருந்தைப் பொறுத்தவரை, நீதிமன்றம் வரை போய் மாற்றுத்திறனாளி அமைப்புகள் போராடியதன் பலனாக 2024 ஆகஸ்டில் தாழ்தளப் பேருந்துகள் மறுபடி ஓட ஆரம்பித்தன. 2025 ஜூன் கடைசியில் 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகளும் வந்தன. நடத்துநர் பலகையை விரித்துவிட்டால் தம்பி தானே உருட்டி ஏறலாம். பலகை சரியாக விழ பேருந்து நடைபாதையை ஒட்டி நிற்க வேண்டும், நம்மூரில் அங்கேதான் ஆட்டோ நிற்கும்! சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வரும் ஒருவருக்கும் கட்டணம் கிடையாது. ஆனால் படி ஏற முடியாத தம்பிக்கு அந்தச் சலுகையால் என்ன லாபம் என்று நீங்கள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அடையாள அட்டை எப்படியும் பையில் இருக்கட்டும்.

வீல்சேரைத் தள்ளுவதில் அப்பாவுக்கும் உங்களுக்கும் கொஞ்சம் பழக்கம் வேண்டும். முன்னால் இருக்கும் சின்னச் சக்கரங்கள்தான் எதிரி. சின்னப் பள்ளத்தில் அவை மாட்டினாலே உட்கார்ந்திருப்பவர் முன்னால் சரிவார், நெஞ்சுக்குக் கீழே பிடிமானம் இல்லாதவருக்கு இது ஆபத்து. ஒரு படி ஏற வேண்டுமானால், பின்னால் காலடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியை மிதித்து முன்பக்கத்தைத் தூக்கி, சின்னச் சக்கரங்களைப் படிமேல் வைத்துப் பிறகு தள்ளுங்கள். இறங்கும்போது வண்டியைத் திருப்பி, பெரிய சக்கரம் முதலில் இறங்கட்டும். செங்குத்தான சாய்தளத்திலும் பின்பக்கமாகத்தான் இறக்க வேண்டும். மரப்பாதையின் மேல் மணல் படர்ந்து கிடந்தால் முன்னோக்கித் தள்ளிப் போராடாதீர்கள், வண்டியைத் திருப்பிப் பின்பக்கமாக இழுத்தால் வந்துவிடும். கடைசிப் பலகையைத் தாண்டி மணலில் இறங்குவதை முதல் நாள் வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஓர் இடத்தின் சாய்தளம் ஏறக்கூடியதா என்று பார்க்க எளிய கணக்கு: ஓர் அங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம். அரையடிப் படிக்கு ஆறடி நீளச் சரிவு வேண்டும். பைக் ஏற்ற வைத்த இரண்டடிச் சிமெண்டுச் சரிவைக் காட்டி "ராம்ப் இருக்கே" என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

இனி உடம்பு. நெஞ்சுக்குக் கீழே உணர்வில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தண்டுவடத்தில் அந்த உயரத்தில் அடிபட்டவர்களுக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்ப்பது குறையும், அதனால் உடம்பு சூட்டைத் தணித்துக்கொள்ளாது. அவருக்குச் சூடு தெரியாமலே காய்ச்சல் மாதிரி ஏறிவிடும். குடை, ஈரத்துண்டு, முகத்திலும் கையிலும் அடிக்க ஒரு ஸ்பிரே பாட்டில் அவசியம். திடீரென்று மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகம் சிவந்து வியர்ப்பது என்று வந்தால் அதை வெயில் என்று விட்டுவிடாதீர்கள். டியூப் மடங்கியிருக்கிறதா, பை நிரம்பிவிட்டதா என்று உடனே பாருங்கள். நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான பெல்ட்டையும் உடையையும் தளர்த்துங்கள். சில நிமிடங்களில் அடங்காவிட்டால் நேராக ஆஸ்பத்திரிதான். ரத்த அழுத்தம் எகிறியிருக்கும். தண்டுவடத்தில் எந்த இடத்தில் அடிபட்டது என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும், அதன் நகலைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

வீல்சேரில் தொடர்ந்து எத்தனை மணி நேரம் உட்கார்கிறார் என்று இந்த வாரமே கவனியுங்கள். வீட்டில் மூன்று மணி நேரம் என்றால் வெளியேயும் அவ்வளவுதான், கார் பயணமும் அதற்குள் அடக்கம். அரை மணிக்கு ஒருமுறையாவது, கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கியோ முன்னால் சாய்ந்தோ ஒன்றிரண்டு நிமிடம் பிட்டத்துக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். கடலைப் பார்த்த சுவாரசியத்தில் மறந்துபோகும், ஃபோனில் அலாரம் வையுங்கள்.

முன்னோட்டம் ஒன்று பார்க்க விரும்பினால் பக்கத்திலுள்ள பெரிய மாலுக்கு ஒருமுறை போய் வாருங்கள். மால் என்றதும் சிலர் முகம் சுளிப்பார்கள். சமதளம், லிஃப்ட், குளிர்ச்சி, அகலமான கழிப்பறை எல்லாம் ஒரே கூரையின் கீழ் வேறு எங்கே கிடைக்கும்? அங்கேயே சினிமா பார்ப்பதென்றால், வீல்சேர் இடம் எந்த வரிசையில் என்று டிக்கெட் வாங்கும் முன் கேளுங்கள். பல அரங்குகளில் அது திரைக்கு முன்னால் முதல் வரிசையில் இருக்கும், மூன்று மணி நேரம் கழுத்தை அண்ணாந்து பார்க்க வேண்டும்.

படிக்கிற பழக்கம் இருந்தால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் என் முதல் சிபாரிசு. லிஃப்ட் உண்டு, வேண்டிய நேரம் உட்காரலாம், யாரும் விரட்டமாட்டார்கள். மாமல்லபுரம் போகிற அளவுக்குத் தெம்பு வந்தபின், அர்ச்சுனன் தபசில் தொடங்குங்கள். சாலையோரத்திலேயே இருப்பதால் ஒரு படிகூட ஏறாமல் முழுச் சிற்பத்தையும் பார்க்கலாம். கடற்கரைக் கோயிலுக்குப் பாவிய பாதை உண்டு, தூரம் கொஞ்சம் அதிகம். ஐந்து ரதத்தில் மணல், அங்கே தள்ள ஆள் பலம் வேண்டும். கோயில்களில் சொந்த வீல்சேரை வாசலில் விடச்சொல்லி அவர்களுடைய வீல்சேரைத் தருவது வழக்கம். அதில் மெத்தை இருக்காது. தம்பியின் குஷனை எடுத்து அதில் போட்டுக்கொள்ளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

கடிதத்தில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. போக வேண்டும் என்று தம்பி சொன்னாரா? பிறந்தநாள் அவருடையது. பழைய நண்பர்கள் கண்ணில் படுவார்களோ என்ற தயக்கம் அவருக்கு இருக்கலாம், கடல் பிடிக்காமல்கூட இருக்கலாம். இடத்தையும் நேரத்தையும் அவரே தீர்மானிக்கட்டும், திரும்பலாம் என்று அவர் சொன்னால் காரணம் கேட்காமல் திரும்புங்கள். வெளியே போனால் "என்னாச்சு தம்பி?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள், கேட்காமலே கைப்பிடியைப் பிடித்துத் தள்ளுகிறவர்கள் இருப்பார்கள், கோயில் வாசலில் மடியில் காசு போடுகிறவர்களும் உண்டு. இவர்களுக்கெல்லாம் என்ன பதில் சொல்வது என்று வீட்டிலேயே பேசிவைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் உங்களைப் பார்த்து "அவருக்கு என்ன வேணும்?" என்று கேட்டால், "அவரையே கேளுங்க" என்று சொல்லிப் பழகுங்கள்.

மரப்பாதை உடைந்திருந்தாலோ, கழிப்பறை பூட்டியிருந்தாலோ ஃபோட்டோ எடுத்துக்கொண்டு மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் கொடுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி இது உரிமை. அணுகல் வசதிக்குக் கட்டாய விதிகள் வேண்டும் என்று உச்ச நீதிமன்றமும் 2024 நவம்பரில் மத்திய அரசுக்கு உத்தரவிட்டிருக்கிறது.

போய் வந்த இரவு, எவ்வளவு களைப்பாக இருந்தாலும், படுக்கும் முன் பிட்டம், வால் எலும்பு, குதிகால், யூரின் பேக் கட்டிய இடம் எல்லாவற்றையும் விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். தோல் சிவந்தோ கறுத்தோ இருந்து அரை மணியில் மறைந்துவிட்டால் பயமில்லை. மறையவில்லையென்றால் அந்த இடத்தில் அழுத்தம் படாமல் படுக்க வையுங்கள், மறுநாள் வீல்சேரில் உட்கார வைக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.