பழைய காரின் உள்பக்க ரியர்வியூ மிரர் கழன்று விழுந்துவிட்டது. நானே மாற்ற முடியுமா?

தாராளமாக மாற்றலாம். விழாமல் ஆடிக்கொண்டு மட்டும் இருந்தாலும் இதே வேலைதான். ஆனால் மிரரைப் பிடித்து இழுத்துப் பார்க்காதீர்கள். எல்லோரும் முதலில் செய்வது அதுதான், விண்ட்ஷீல்டில், அதாவது காரின் முன்கண்ணாடியில், விரிசல் விழுவதும் அப்போதுதான். அது எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று முதலில் டார்ச் அடித்துப் பாருங்கள்.

சில கார்களில் இரண்டு சன்வைசருக்கு நடுவே கூரையில் ஸ்க்ரூ போட்டிருக்கும். பிளாஸ்டிக் மூடியை மெல்ல நெம்பி, ஸ்க்ரூவைக் கழற்றி, புதியதை மாட்டினால் கதை முடிந்தது.

உங்களுடையது விழுந்துவிட்டது என்பதால் முன்கண்ணாடியில் ஒட்டும் வகையாகத்தான் இருக்கும். இதில் மிரர் நேரடியாக ஒட்டியிருக்காது. கட்டைவிரல் நகம் அளவு உலோகத் துண்டு ஒன்று ஒட்டியிருக்கும், அதைப் பட்டன் என்பார்கள். மிரரின் கை அதன் மேல் சொருகி நிற்கும். கையின் அடியில் குட்டி ஸ்க்ரூ இருந்தால் ஆலன் கீயோ (அறுகோண முனை) டார்க்ஸ் பிட்டோ (நட்சத்திர முனை) போட்டுத் தளர்த்தி, கண்ணாடியை ஒட்டினாற்போல மேல்நோக்கித் தள்ளினால் பெரும்பாலும் வந்துவிடும். ஸ்க்ரூ இல்லாவிட்டால் உள்ளே ஸ்பிரிங் கிளிப் இருக்கும். சிலவற்றைக் கால் சுற்று திருப்ப வேண்டும், சிலவற்றை நகர்த்த வேண்டும். உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலைப் பார்க்காமல் அதில் பலத்தைக் காட்டாதீர்கள். பட்டன் உறுதியாக இருந்து மிரர் மட்டும் தலை தொங்கினால் கோளாறு பசையில் இல்லை, மிரரைத் திருப்ப விடும் பந்து மூட்டு தேய்ந்திருக்கிறது. மிரரை மாற்றினால் போதும்.

என் பழைய காரில் பட்டனோடு சேர்ந்து மொத்தமும் ஒரு மத்தியானம் டேஷ்போர்டில் விழுந்து கிடந்தது. வீட்டிலிருந்த சூப்பர் க்ளூவைத் தடவினேன். சில நாள் வெயிலிலேயே மறுபடி விழுந்தது. சூட்டில் கண்ணாடி ஒரு அளவும் உலோகம் வேறொரு அளவும் விரியும். நடுவில் இருக்கும் பசை கொஞ்சம் இழுபட்டுக் கொடுக்க வேண்டும். சூப்பர் க்ளூ இறுகி நொறுங்கும் ஜாதி, அதனால் தாங்காது.

இரண்டாவது தடவை ரியர்வியூ மிரருக்கென்றே விற்கும் பசை வாங்கி அழகாக ஒட்டினேன், தலைகீழாக! என் பட்டன் ஆப்பு வடிவம். மிரரின் கை அதன் மேல் மேலிருந்து கீழே இறங்குவதால் குறுகிய முனை மேலே இருக்க வேண்டும். இப்போது கை ஏறவே இல்லை. ஹேர் ட்ரையரால் நிதானமாகச் சூடேற்றி, பிளேடால் ஓரம் ஓரமாகக் கிளப்பி எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. குளிர்ந்த கண்ணாடியில் ஹீட் கன்னைப் பக்கத்தில் பிடித்தால் விரிசல்தான் மிச்சம். எனவே பசையைத் திறக்கும் முன் பட்டனை மிரரின் கையில் சொருகிப் பார்த்து, மேல் எது கீழ் எது என்று மார்க்கரால் குறித்துவிடுங்கள்.

ஒட்டுமிடத்தை விண்ட்ஷீல்டின் வெளிப்பக்கம் மாஸ்கிங் டேப்பால் அடையாளம் வையுங்கள், உள்ளே துடைக்கும்போது அழியாது. பழைய பசையை பிளேடைப் படுக்கவைத்துச் சுரண்டுங்கள். பட்டனின் ஒட்டும் முகத்தை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, அதையும் கண்ணாடியையும் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். வீட்டுக் கண்ணாடி துடைக்கும் திரவம் வேண்டாம், அது படலம் விட்டுப் போகும். பசையோடு ஆக்டிவேட்டர் (பசையை இறுகவைக்கும் திரவம்) வந்தால் அட்டையில் சொன்னபடி அதைத் தடவிக் காயவிட்டு, ஒரே ஒரு சொட்டுப் பசை வைத்து, ஒரு நிமிடம் அசையாமல் அழுத்திப் பிடியுங்கள். அதிகம் வைத்தால் அதிகம் பிடிக்கும் என்பது பொய்க் கணக்கு.

கால் மணி நேரத்தில் மிரரை மாட்டலாம் என்று அட்டையில் போட்டிருக்கும். நான் ஒரு ராத்திரி விட்டுவிடுவேன். ஸ்க்ரூவை ஆட்டம் நிற்கும் வரை மட்டும் இறுக்குங்கள். அதற்கு மேல் போனால் அதன் முனை பட்டனைத் தாண்டிக் கண்ணாடியைக் குத்தும்.

பிறகு ஓட்டும் சீட்டில் வழக்கம்போல உட்கார்ந்து, மிரரின் அடியில் பின்னால் வரும் வண்டி வெளிச்சம் கண் கூசாமல் இருக்க வைத்திருக்கும் இரவு நேர லீவரைப் பகல் நிலையில் வைத்தே கோணத்தைச் சரிசெய்யுங்கள். இரவு நிலையில் வைத்துத் திருப்பிவிட்டு, புது மிரரில் எல்லாம் மங்கலாகத் தெரிகிறது என்று கடைக்குத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பியவனும் நான்தான்.