லூயிஸ் ஃபாரென்க்கை ஏன் பலருக்குத் தெரியவில்லை?

ஃபாரென்க் (1804–1875) பாரிஸைச் சேர்ந்த பியானோ கலைஞர், மூன்று சிம்பொனிகள் எழுதியவர். சிம்பொனி என்றால் பெரிய வாத்தியக் குழு, பெரும்பாலும் பாட்டில்லாமல், பல பகுதிகளாக வாசிக்கும் நீண்ட படைப்பு.

அவர் மறக்கப்பட்டதற்குப் பெண் என்பது ஒரு காரணம்தான். இன்னொன்று, அன்றைய பாரிஸில் புகழ் வேண்டுமென்றால் ஓபரா, அதாவது பாடியே நடிக்கும் இசை நாடகம், எழுத வேண்டும். இவரோ சிம்பொனியும் சிறுகுழு இசையும் எழுதினார். சினிமாப் பாட்டுக்குக் கூட்டம் அலைமோதும் ஊரில் ராகம் தானம் பல்லவி பாடுவது மாதிரி. அந்தச் சிம்பொனிகள் அவர் காலத்தில் அச்சாகவும் இல்லை. அச்சு இல்லாவிட்டால் வேறு ஊர்க் குழு எப்படி வாசிக்கும்?

1842இல் பாரிஸ் கன்சர்வேட்டரி என்ற இசைக் கல்லூரியில் பியானோ பேராசிரியரானார். ஆண்களைவிடச் சம்பளம் குறைவு. ஒன்பது வாத்தியங்களுக்கு எழுதிய ‘நானெட்’ 1850இல் வெற்றி பெற்றதும் (அதில் வயலின் வாசித்தவர் இளைஞர் யோவாகிம், பின்னாளில் பெரும்புகழ் பெற்ற வயலின் கலைஞர், சாதாரண ஆளில்லை!) சமச் சம்பளம் கேட்டார், கிடைத்தது. 1859இல் மகள் விக்டோரின் இறந்தபின் எழுதுவதை ஏறக்குறைய விட்டுவிட்டார். என்னைக் கேட்டால் மூன்றாம் சிம்பொனியில் கேட்கத் தொடங்கலாம்.

அப்புறம், ‘வாழ்ந்த காலத்திலேயே யாரும் கண்டுகொள்ளவில்லை’ என்பது தவறு: ஜெர்மன் இசையமைப்பாளர் ஷூமன் அவரைப் பாராட்டி எழுதியிருக்கிறார், சிறுகுழு இசைக்கான ஷார்தியே பரிசு இருமுறை கிடைத்தது.